80 வோல்ட் டிராக்டருக்குச் சார்ஜர்: யோசனை தேவை

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். தேவனஹள்ளி விமான நிலையத்தில் கிரவுண்ட் ஹேண்ட்லிங் (தரையில் நிற்கும் விமானங்களுக்கான பணிகள்) வேலை. பெட்டி இழுக்கும் டிராக்டர்களை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றுகிறோம். வண்டிகள் 80 வோல்ட். கார்களுக்கான சிசிஎஸ்2 (ஒரு பிளக் வகை) வேக சார்ஜர்கள் பெரும்பாலும் 150 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. ஆக, தனி சார்ஜர்தான்.

லெட் ஆசிட் பேட்டரி என்றால் சுமார் எட்டு மணி நேரம் சார்ஜ், அப்புறம் சூடு ஆறவும் விட வேண்டும். லித்தியம் என்றால் இரண்டு விமானங்களுக்கு நடுவே அரை மணி கிடைத்தாலும் செருகிவிடலாம். விலைதான் இடிக்கிறது.

காலை நெரிசல் முடிந்ததும் எல்லா வண்டியும் ஒன்றாக வந்து நின்றால் மின்பளுவை எப்படிப் பகிர்வது? மழையில் எந்த கனெக்டர் தாங்கும்? மும்பை, டெல்லியில் இதே வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். விற்பனைக்காரர்கள் வேண்டாம், சாமி!