சூப்பர்சார்ஜர் போட்டவர்களின் அனுபவம்: கிட்டோடு வராத வேலைகள்

சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினே பெல்ட்டால் சுழற்றி அதிகக் காற்றை உள்ளே திணிக்கும் கம்ப்ரசர், என்றதும் எல்லோரும் கேட்பது எத்தனை குதிரைத்திறன் கூடும் என்றுதான். கூடுதலாக வரும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போய்ச் சேருமா என்று கேட்பவர்கள் குறைவு. என் வண்டி இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், கம்ப்ரஷன் 11:1. அதில் ஒரு சென்ட்ரிஃபியூகல் (விசிறி போன்ற சக்கரம் சுழன்று காற்றைத் தள்ளும் வகை) சூப்பர்சார்ஜர் போட்டு, அரை பார், அதாவது ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) வைத்தோம்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரியதாகக் கிட்டிலேயே இருந்தது. பெட்ரோல் பம்ப் மட்டும் பழையது. கீழ் ஆர்பிஎம்மில் ஒரு குறையும் தெரியவில்லை. 6,000-ஐ நெருங்கும்போது காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் 11.8 நிற்க வேண்டிய இடத்தில் 12.9 காட்டியது. ட்யூனர் உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். நல்லவேளை. பூஸ்ட்டில் அவ்வளவு லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடி நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) பிடித்தால், பிஸ்டனில் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பு) உடையச் சில நொடிகள் போதும். கம்பெனி ஆக்ஸிஜன் சென்சார் 14.7-ஐ ஒட்டித்தான் சரியாகச் சொல்லும். வைட்பேண்ட் இல்லையென்றால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

காரணம் ரெயில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தம். மிஞ்சும் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் இன்ஜின் பக்கம் இல்லாத சிஸ்டம் என்பதால் ரெயிலில் எப்போதும் 3 பார்தான். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் அரை பார் எதிர்த்துத் தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.5 பார். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலப்படி போவதால், பெட்ரோல் தேவை உச்சத்தில் இருக்கும்போது இன்ஜெக்டர் அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் காணாமல் போகிறது. போதாததற்குப் பம்ப்புக்குப் போகும் வயர் மெலிது, லோடில் வோல்டேஜ் இறங்கியது. பெரிய பம்ப், பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தனி வயர், ரிட்டர்ன் லைன், பூஸ்ட்டுக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் என்று எல்லாம் மாற்றிய பிறகுதான் மீட்டர் அசையாமல் நின்றது. சூப்பர்சார்ஜரை மாட்டியதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அப்புறம் பெல்ட். சென்ட்ரிஃபியூகலில் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் ஏற வேண்டும். ஓட்டும்போது பதிவான டேட்டா லாக்கைப் பார்த்தால், பாதி வழியில் அது படுத்துவிட்டது. லீக் எங்கே என்று ஹோஸ் ஹோஸாகத் தேடுவதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள்: பளபளவென்று தேய்ந்த முகம், புல்லியைச் சுற்றிக் கருப்புத் தூள். பூஸ்ட் கூட வேண்டும் என்று சின்ன புல்லி போடுகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும், ஏனென்றால் புல்லி சிறுத்தால் பெல்ட் பிடிக்கும் இடமும் குறைகிறது. இன்னொரு ஐட்லர் (பெல்ட்டின் பாதையைத் திருப்பும் சும்மா சுழலும் புல்லி) வைத்து பெல்ட்டைக் கூடுதலாகச் சுற்றவிட்டதும் சரியானது.

ப்ளக் சின்ன வேலைதான். சூட்டை வேகமாகக் கடத்தும் ஒரு படி கோல்டு ப்ளக், இடைவெளி 1.1 மி.மீ.யிலிருந்து 0.7 மி.மீ. இதைச் செய்யாமல், பூஸ்ட்டில் தீப்பொறி விட்டுப்போனால் இக்னிஷன் காயிலைக் குறை சொல்பவர்களே அதிகம்.

*

இது இன்னொருவர் அனுபவம்: என்னுடையது இன்ஜின் மேலேயே உட்காரும் ட்வின் ஸ்க்ரூ (இரண்டு திருகுகள் சுழன்று காற்றைத் தள்ளும் வகை), உள்ளே தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது). முதல் ஓட்டத்தில் பிரமாதம். அடுத்தடுத்து மிதித்தால் இழுவை செத்துவிடும். உள்ளே போகும் காற்று சூடேறுவதைப் பார்த்து இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இன்டர்கூலர் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் அசையவே இல்லை. பம்ப்பின் ஃபியூஸ் போயிருந்தது! அதை மாற்றிய பிறகும் அந்தத் தண்ணீரைக் குளிர்விக்க வண்டியின் முன்னால் இருந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் போதவில்லை, பெரியது போட வேண்டி வந்தது.

கிளட்சும் அப்போதுதான் கையை விரித்தது. ட்வின் ஸ்க்ரூவில் டார்க் கீழேயே முழுசாக வந்துவிடும். கீழ் கியர்களில் ஒன்றும் தெரியாது. டாப் கியரில் நடு ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் புகையை வெளியேற்றும் பிசிவி லைனில் இருக்கும் ஒருவழி வால்வையும் ஒரு தடவை ஊதிப் பாருங்கள். அது இரண்டு பக்கமும் விட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போய், ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கையே வெளியே தள்ளிவிடும்.