உதய்பூர் அரண்மனை ஓட்டல்: அந்தக் குடைக்காரர்

நாடோடி_74:
கல்யாண நாளுக்கு ஒரே ஒரு ராத்திரி, பிச்சோலா ஏரிக்கரையில் ஓர் அரண்மனை ஓட்டல். பேர் வேண்டாம். படகிலிருந்து இறங்கியதும் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் பெரிய குடையோடு வந்தார். குடை முழுக்க எங்கள் தலைக்கு மேல், வெயில் முழுக்க அவர் முதுகில். என் அப்பா வயசு இருக்கும். "கம்மா கணி" என்று கும்பிட்டார். பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் "தேங்க்யூ" என்றேன். அறை வாசலில் 500 ரூபாயை நீட்டினால் வாங்கவில்லை. போகும்போது முன்மேசைப் பெட்டியில் போடுங்கள், எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள் என்றார் இந்தியில். அப்புறம் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலிலேயே திரும்பி நடந்தார். மறுநாள் கிளம்பும் அவசரத்தில் பெட்டியை மறந்தே போனேன். டபோக் விமான நிலையத்தில் சட்டைப் பையில் கை விட்டால் அந்த நோட்டு, மடித்தது மடித்தபடி.

வறண்ட ஏரி:
படகா! 2000களின் தொடக்கத்தில் நான் போனபோது ஏரியே இல்லை. மழை பொய்த்து, தரை பாளம் பாளமாக வெடித்து, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஏரி நடுவில் இருக்கும் ஜக் நிவாஸ் மாளிகை, தண்ணீர் இல்லாமல் அடித்தளம் தெரிய நின்றது. அதைப் பார்த்தபின் இந்த ராஜ உபசாரத்தில் எல்லாம் எனக்கு மயக்கம் இல்லை. 1960களில் மகாராணா பகவத் சிங் அதை ஓட்டலாக்கியதே, மாளிகை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். குடை பிடிப்பவரும் சம்பளத்துக்குத்தான் பிடிக்கிறார். இதற்கு ஏன் இவ்வளவு உருகுகிறீர்கள்?

மொட்டைமாடி:
அந்தக் காசுக்கு லால் காட் படித்துறைப் பக்கம் பழைய ஹவேலியில், அதாவது அந்தக் காலத்து மாளிகை வீட்டில், ஒரு வாரம் தங்கலாம். மாடியில் உட்கார்ந்தால் அதே ஏரி, அதே அரண்மனை. சந்துக்குள் கார் நுழையாது, பெட்டி சின்னதாக இருக்கட்டும். சிட்டி பேலஸுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே படிகள் குறுகல், கூட்டம் சேர்ந்தால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பாகோர் கி ஹவேலியில் நடனம், கொஞ்சம் முன்பே போனால்தான் தரையிலாவது இடம் கிடைக்கும். பதேபிரகாஷ் அரண்மனையில் கண்ணாடிச் சாமான்களை விட்டுவிடாதீர்கள். மகாராணா சஜ்ஜன் சிங் 1877-ல் பர்மிங்காமிலிருந்து வரவழைக்கச் சொன்னவை. அவை வந்து சேருமுன்பே அவர் போய்விட்டார். அதில் கட்டில்கூடக் கண்ணாடியில் உண்டு. அதன் முன்னால் நான் கால் மணி நேரம் சும்மா நின்றேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

நாடோடி_74:
@வறண்ட ஏரி, சம்பளத்துக்குத்தான் என்று எனக்கும் தெரியும் சார். அந்தப் பெட்டியில் போட்டிருந்தால் அவர் பங்கு அவருக்குப் போயிருக்கும், அதுதான் உறுத்துகிறது. ஊருக்கு வந்தபிறகு ஓட்டலுக்குப் பணம் அனுப்பி, அது அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த அனுபவம் யாருக்காவது உண்டா?