குணமாக்கியவர் ஏன் "யாரிடமும் சொல்லாதே" என்றார்?

கேள்வி: மெஞ்ஞானபுரம் டீச்சர்
ஓய்வுநாள் பள்ளியில் மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரம் நடத்தினேன். இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கி, யாருக்கும் சொல்லாதே என்று கண்டிப்பாக அனுப்புகிறார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "நம்ம கோயில்ல காய்ச்சல் விட்டாலே சாட்சி சொல்லச் சொல்றாங்க, இவர் மட்டும் ஏன் டீச்சர் வேண்டாம்னாரு?" என்றான். தாழ்மை என்று சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.

பதில்: நாசரேத் அண்ணாச்சி
45ஆம் வசனத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்க. குஷ்டரோகி போய் ஊரெல்லாம் சொன்னான். இயேசுவால் பட்டணத்துக்குள் வெளிப்படையாக நுழைய முடியவில்லை. ஊருக்கு வெளியே கிடந்தவன் உள்ளே வந்துவிட்டான், இயேசு வெளியே தங்கினார். யோவான் 6:15-ம் பாருங்க. அப்பம் தின்ற கூட்டம் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறது. ரோமர் ஆட்சியில் அது சின்னப் பேச்சா?

பதில்: பாளையங்கோட்டை தம்பி
அண்ணாச்சி, ஐந்தாம் அதிகாரத்தில் பிசாசு பிடித்திருந்தவனை வீட்டுக்குப் போய்ச் சொல் என்கிறாரே? அது தெக்கப்போலி என்ற பத்துப் பட்டணப் பகுதி, அங்கே யூதர் குறைவு, அதனால் என்பார்கள். ஆனால் அதே தெக்கப்போலியில் ஏழாம் அதிகாரத்துச் செவிடனைச் சொல்லாதே என்கிறார். 1901இல் வில்லியம் விரேட என்ற ஜெர்மன் அறிஞர், "சொல்லாதே" என்ற இந்த ரகசியமே பிற்காலச் சபை சேர்த்தது என்று எழுதினார். எனக்கு அது ஒப்பவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ்
தம்பி, இடத்தை விடுங்க, ஆளைப் பாருங்க. கல்லறைகளில் தங்கிக் கிடந்த அந்தப் பிசாசு பிடித்தவனுக்கு வீட்டு முகம் தேவை, அதனால் போய்ச் சொல் என்றார். குஷ்டரோகிக்கு முதலில் ஆசாரியன், அதாவது யூதக் குரு, தேவை. லேவியராகமம் 14இன்படி ஆசாரியன் பார்த்துச் சுத்தமென்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அந்தச் சொல் கிடைக்காமல் அவன் எத்தனை பேரிடம் சொன்னாலும் யார் வாசலைத் திறப்பார்கள்?

நான் குஷ்டரோகிகள் வார்டில் வேலை பார்த்தவள். மருந்து முடிந்து கிருமி இல்லை என்றான பிறகும், "சிஸ்டர், போட்டோ மட்டும் வேண்டாம், மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். ஒருமுறை ஒரு கூட்டத்து மேடையில் ஒரு பெண்ணின் நோயைப் பேரோடு மைக்கில் சொல்லிவிட்டார்கள். அவள் அந்தத் தெருவிலேயே இருக்க முடியாமல் போனது. நோய் அவளுடையது, சொல்வதும் அவள் விருப்பம்தானே!

டீச்சர், மாற்கு ஐந்தில் இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளையும் சேர்த்துச் சொல்லுங்க. பன்னிரண்டு வயசு, கிட்டத்தட்ட உங்கள் பையன் வயசு. வீட்டில் அழுத கூட்டத்தை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அப்பா அம்மாவையும் மூன்று சீஷரையும் மட்டும் உள்ளே கூட்டிப்போனார். பிள்ளை எழுந்ததும், இதை யாருக்கும் தெரிவிக்காதீங்க, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்க என்றார்.