குழந்தையின் கரப்பனுக்கு எண்ணெய் போதுமா, பூசுமருந்து வேண்டுமா?

கனகபுரம் தாய்
ஏழு மாதமான என் மகனுக்கு இரண்டு கன்னங்களிலும் முழங்கால்களின் முன்பக்கத்திலும் தோல் சிவந்து, செதிள் செதிளாக உரிகிறது. சோளகம் வீசத் தொடங்கியதிலிருந்து இரவில் நித்திரையின்றி, தூக்கி வைத்திருக்கும்போது கன்னத்தை என் தோளில் தேய்க்கிறான். விடியும்போது என் சட்டையில் இரத்தப் பொட்டுகள் இருக்கின்றன. கிளினிக் வைத்தியர் இது கரப்பன், அதாவது எக்சிமா என்று கூறி, 1 வீத ஹைட்ரோகோர்டிசோன் பூசுமருந்தும், தோலை ஈரமாக வைக்கும் அக்குவஸ் கிறீமும் தந்தார். மாமியோ, "அதில் ஸ்டீரொயிட் இருக்கிறது, பூசாதே, வேப்பிலையும் மஞ்சளும் அவித்த நீரில் குளிப்பாட்டித் தேங்காய் எண்ணெய் பூசு" என்கிறார். மூன்று வாரமாக மருந்துக் குழாயை நான் திறக்கவேயில்லை. அனுபவம் உள்ளவர்கள் காரணத்துடன் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் அம்மம்மா
பிள்ளை, மாமியின் சொல்லைத் தள்ளிவிடாதீர்கள். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் பாமசியும் இல்லை, களிம்பும் இல்லை. தேங்காய் எண்ணெயைக் கொண்டுதான் என் பேரப்பிள்ளைகளின் தோலைக் காப்பாற்றினோம். ஸ்டீரொயிட்டைப் பற்றி நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் அயலில் ஒரு குழந்தைக்குக் கடையில் வாங்கிய பூசுமருந்தை மாதக்கணக்கில் கன்னத்தில் தேய்த்தார்கள். தோல் கடதாசிபோல் மெலிந்து, அடியில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. நீங்கள் பாலூட்டும் தாயென்றால் இறால், நண்டு, முட்டை மூன்றையும் நிறுத்துங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தாதி
அம்மா, நீங்கள் கண்டது உண்மை. ஆனால் அப்படித் தோல் மெலிவது பெரும்பாலும் வீரியம் கூடிய மருந்தை, வைத்தியரிடம் கேளாமல், நெடுநாள் முகத்தில் பூசுவதால் வருவது. 1 வீத ஹைட்ரோகோர்டிசோன் ஸ்டீரொயிட் பூசுமருந்துகளில் மிக மென்மையான வகுப்பைச் சேர்ந்தது. வைத்தியர் குறித்த நாட்களுக்கு, சிவந்த இடத்தில் மட்டும் பூசினால் அந்தக் கேடு நேர்வது மிக அரிது. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம் வரும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். அச்சத்தால் பொட்டுப் பொட்டாகத் தொட்டு வைத்தால் வீக்கமும் அடங்காது, மருந்தும் வீணாகும்.

கரப்பன் வரும் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாத தோல். தோலின் மேற்படையை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே தாய் இறால் தின்றதால் வந்த குற்றமாக இதைப் பார்க்காதீர்கள். மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் பாலூட்டும் பெண்ணின் புரதம்தான் குறையும். குறித்த ஓர் உணவை உண்ட ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு உடனே தடிப்போ வாந்தியோ வந்தால் மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் அம்மம்மா
பத்தியத்தை விடுகிறேன், எண்ணெயை விடமாட்டேன். கிளினிக்கில் தரும் அந்த அக்குவஸ் கிறீமைப் பூசியதும் என் கடைசிப் பேத்தி கால்களை உதைத்து வீறிட்டழுதாள். எண்ணெய் பூசியபோது அப்படி அழவில்லை. பிள்ளையின் உடம்பு பொய் சொல்லாது.

வவுனியா, ஓய்வுபெற்ற தாதி
இதில் உங்கள் பக்கமே நியாயம். அக்குவஸ் கிறீமில் சோடியம் லோரில் சல்பேட் என்ற சவர்க்காரப் பொருள் சேர்ப்பதுண்டு. கரப்பன் உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பூசியபின் கழுவாமல் விடும்போது, அது எரிச்சலைத் தரலாம் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2013இல் எச்சரித்தது. எரிந்தால் நிறுத்திவிட்டு வெள்ளை வசலீன் பூசலாம். தேங்காய் எண்ணெயையும் நான் மறுக்கவில்லை: பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் எண்ணெய் வரட்சியைத்தான் தணிக்கும். இரத்தம் கசியும்வரை தேய்க்கும் பிள்ளையின் வீக்கத்தை அடக்க மருந்து வேண்டும். வெடித்த தோலில் மஞ்சளும் வேப்பிலை நீரும் வேண்டவே வேண்டாம்.

முள்ளியவளைத் தகப்பன்
நான் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வேன். எங்கள் வளவுக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்த கேத்திலின் உட்புறத்தில் வெண்சுண்ணம் ஓடுபோல் படிந்திருக்கும்; கரண்டியால் சுரண்டினால் சில்லுச் சில்லாக விழும். அதிலா ஒரு பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது?

வவுனியா, ஓய்வுபெற்ற தாதி
இப்படிச் சுண்ணம் கூடிய கடினநீர் உள்ள இடங்களில் கரப்பன் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் 336 பிள்ளைகளை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு நீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியும், பொருத்தாதவர்களைவிட நோய் மேலதிகமாகக் குறையவில்லை. அந்தப் பணத்தைக் களிம்புக்குச் செலவிடுங்கள். கடினநீரில் சவர்க்காரம் நுரைக்காததால் நாம் கூடுதலாகத் தேய்க்கிறோம், அதை நிறுத்துவதே முதல் வேலை. வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துவாயால் ஒற்றி, ஈரம் காயுமுன் வசலீன் பூசுங்கள். உதட்டில் அக்கிக் கொப்புளம் உள்ள எவரையும் பிள்ளையை முத்தமிட விடாதீர்கள்; அந்தத் தொற்று கரப்பன் உள்ள தோலில் வேகமாகப் பரவும். காய்ச்சலோடு கூட்டம் கூட்டமாகக் கொப்புளம் எழுந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒட்டுசுட்டான் அம்மம்மா
ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் வேறு யாருக்காவது இரவில் விரலிடுக்கில் கடிக்கிறதா? பிள்ளையின் உள்ளங்காலில் பொக்குளம் இருக்கிறதா? முகாமில் நாங்கள் கரப்பன் என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தது கடைசியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் சொறி என்று தெரிந்தது. வீடு முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து பூசிய பிறகுதான் போனது.

வவுனியா, ஓய்வுபெற்ற தாதி
நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நன்றி அம்மா.

கனகபுரம் தாய்
யாருக்கும் கடியில்லை, உள்ளங்கால் இரண்டும் சுத்தமாக இருக்கின்றன, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டேன். இன்றிரவு குளிப்பாட்டியபின் மருந்தைப் பூசுகிறேன். வசலீனைப் பூசுவது மாமியின் பொறுப்பு. எண்ணெய்போல் வழியாது என்று அவரே ஏற்றுக்கொண்டார்.