புறநகரில் இருந்து புறநகருக்கு சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா? நடுவில் நெடுஞ்சாலை

ஒன்பது_கிலோமீட்டர் எழுதியது:

வணக்கம். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களிடம்தான் கேட்கிறேன்.

எனக்கு வயது 43. வீடும் புறநகர், வேலையிடமும் புறநகர். நேராகப் போனால் 9 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்கள் எல்லாமே நகரத்தின் நடுவை நோக்கித்தான் ஓடுகின்றன. நான் உள்ளே போய், இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மறுபடி வெளியே வர வேண்டும். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம். டாக்டர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொன்னது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தினமும் இரண்டரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் நாளையே தின்றுவிடுகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு யாரோ ஓட்டிப் பழகிய ஏழு கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வீட்டைச் சுற்றித் தெருக்களில் ஓட்டிப் பழகியாயிற்று. போன திங்கட்கிழமை துணிந்து ஆபீசுக்கே கிளம்பினேன். வழியில் பாதிக்கும் மேல் நெடுஞ்சாலை. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ஹேண்டில் தானாக ஆடியது. கடைசி இரண்டு கிலோமீட்டர் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். மூன்று நாள் அது ஆபீஸ் ஸ்டாண்டிலேயே நின்றது.

அந்தச் சாலை போகப் போகப் பழகிவிடுமா? வியர்வைக்கு என்ன செய்கிறீர்கள்? வேலை முடிந்து கிளம்ப 6.45 ஆகும், சில மாதங்களில் நன்றாக இருட்டிவிடும். அப்புறம், வலது முழங்காலின் முன்பக்கம் லேசாக வலிக்கிறது. இது வயதா, வண்டியா?


பின்வழிக்காரன் எழுதியது:

அந்தச் சாலைக்கு நீங்கள் பழகவே வேண்டாம். எண்பதில் போகும் லாரி ஒரு கை தூரத்தில் கடந்தால் அதன் காற்று யாருடைய ஹேண்டிலையும் ஆட்டும். நான் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், இன்றைக்கும் அப்படி ஒரு சாலையில் ஓட்ட மாட்டேன். இறங்கித் தள்ளியது சரியான முடிவு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் வேலை அந்த நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் அதை ஒரே ஒரு இடத்தில் கடந்தால் போதும். அதன் மேலேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது கார்காரர்களுக்கான வழிகாட்டி. முதல் இரண்டு மாதம் நானும் அதை நம்பித்தான் போனேன்.

புறநகர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புக்குள் தெருக்கள் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் நிற்கும். காரில் போகிறவருக்கு அதோடு வழி முடிந்தது. நடந்து போகிறவருக்கு முடிவதில்லை. இரண்டு மதில் சுவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் போகும் இடைவெளி இருக்கும், பள்ளிக்கூட மைதானத்தின் பின்புறம் ஒற்றையடிப் பாதை இருக்கும், தண்ணீர்க் குழாய் போகும் இடத்தின் மேல் மண்பாதை இருக்கும், ரயில் பாதைக்குக் கீழே ஒரு சின்ன சுரங்கவழி இருக்கும். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று கோத்தால் அதுதான் உங்கள் சாலை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் நடைபாதைகளைப் புள்ளிக்கோடாகக் காட்டுவார்கள், அதில் தொடங்குங்கள். வரைபடத்தில் இல்லாதவையும் நிறைய உண்டு. அவற்றை அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவரிடம் கேட்டால் உடனே கை காட்டுவார்.

என் வழியைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களை மட்டும் தேடினேன். நான்கு இருந்தன. ஒன்று பாலம், படிக்கட்டு மட்டும்தான், சைக்கிளைத் தூக்க வேண்டும். ஒன்று சிக்னல், ஆனால் நடப்பவர்களுக்கான பச்சை பாதி தூரம் போவதற்குள் அணைந்துவிடும். ஒன்று பெரிய ரவுண்டானா, அங்கே கிட்டேயே போக வேண்டாம் என்று வந்துவிட்டேன். நான்காவது ஒரு கால்வாய். சாலைக்கு அடியில் அது நுழைகிற இடத்தில், கரையில் ஒரு நடைபாதையும் கூடவே நுழைகிறது. இருபது வருடமாக அந்தப் பாலத்துக்கு மேலே காரிலும் பஸ்ஸிலும் போயிருக்கிறேன், கீழே வழி இருப்பது தெரியாது. அடுத்த இரண்டு ஞாயிறுகளில் அந்தக் கால்வாயில் இருந்து ஒரு முனையை வீட்டுக்கும் இன்னொரு முனையை வேலைக்கும் இழுத்தேன்.

நேர்வழி 8 கிலோமீட்டர், என் வழி பத்தரை. ஏழெட்டு நிமிடம்தான் கூட. இதில் நான் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை, காலை நேரத்தில் அந்தக் கால்வாய்க் கரையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இதற்கும் பிறகு கொஞ்ச தூரம் வண்டிகளோடு ஓட்டியே ஆக வேண்டும். அதற்கு இரண்டு விஷயம் சொல்கிறேன், இரண்டும் பட்டுத் தெரிந்துகொண்டவை. நின்றிருக்கும் கார் வரிசையை ஒட்டி ஓட்டாதீர்கள். கதவு திறந்தால் ஒரு மீட்டர் வெளியே வரும், அதனால் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளியே ஓட்டுங்கள். எனக்கு ஒரு கதவு தோள்பட்டை எலும்பை முறித்தது. ஆறு வாரம் கை கட்டோடு இருந்தேன். ஹெல்மெட்டும் தரையில் மோதியது, வெளியே கீறல்தான், இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது, நசுங்கியது வெளியே தெரியாது.

இன்னொன்று, சிக்னலில் லாரி நின்றால் அதன் ஓரத்து இடைவெளியில் நுழைந்து முன்னால் போகாதீர்கள். எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. ஓட்டுநரின் உயரத்தில் இருந்து அந்த மூலை தெரியாது, லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பின்னாலேயே நில்லுங்கள். ஒரு பச்சை போனால் போகட்டும்.

வியர்வை பற்றி: உங்கள் வேகம் என்ன? பயத்தில் வேகமாக மிதித்திருப்பீர்கள். காற்றை எதிர்த்துத் தள்ளும் உழைப்பு வேகத்தின் மும்மடியாக ஏறும். மணிக்கு 16 கிலோமீட்டரில் இருந்து 22-க்கு ஏற்றினால் காற்றுக்காக மட்டும் இரண்டரை மடங்கு உழைக்க வேண்டும், மிச்சமாவது பத்து நிமிடம். காலையில் மெதுவாகப் போங்கள், வேகமெல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். முதுகில் பை மாட்டாதீர்கள், காரியரில் பக்கவாட்டுப் பை மாட்டுங்கள். முதுகு காயக் காற்று வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டரில் சும்மா கால் சுற்றினால் போதும். போனதும் உடனே சட்டை மாற்றாமல் பத்து நிமிடம் பொறுத்து, துண்டை நனைத்துத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். உடனே மாற்றினால் புதுச் சட்டையும் நனையும்.


ஆயில்கை எழுதியது:

முழங்காலுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், பழைய சைக்கிள்களைச் சரிசெய்வது எனக்குப் பழக்கம். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடியில் கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் சரியான வளைவு தானாக வந்துவிடும். பாதம் தரையில் முழுக்கப் படியும்படி சீட்டை இறக்கி வைத்திருப்பார்கள், அதுதான் முழங்காலைக் கெடுக்கிறது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்று பழகுங்கள்.

கடினமான கியரில் அழுத்தி மிதிப்பதும் இன்னொரு காரணம். 15 நொடியில் ஒரு கால் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 18, 20 வந்தால் நல்லது. 12 என்றால் கியரை இலகுவாக்குங்கள். சிக்னலுக்கு முன்னாலேயே இலகுவான கியருக்கு வந்துவிட வேண்டும், உங்கள் வண்டியில் கியர் பின்சக்கரத்துப் பற்களில் இருந்தால் நின்ற பிறகு மாற்ற முடியாது.

பழையதாக வாங்கிய வண்டி என்பதால் செயினையும் அளந்து பாருங்கள். ஒரு பின்னில் இருந்து பன்னிரண்டு முழு இணைப்பு தள்ளி இருக்கும் பின் வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். 1/8 கூடும்வரை விட்டால் அது பின்சக்கரப் பற்களையும் தின்றிருக்கும், செலவு இரட்டிப்பு. காற்று வாரம் ஒரு தடவை. ஓட்டை இல்லாத டியூபிலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.


சாயங்காலவண்டி எழுதியது:

பின்வழிக்காரர் அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். கால்வாய்க் கரை, மைதானத்தின் பின்புறம் எல்லாம் காலை எட்டு மணிக்கு அருமை. இரவு ஏழு மணிக்கு, ஒரு பெண்ணாக, நான் அந்த வழியில் போவதில்லை. விளக்கு இல்லை, ஆள் இல்லை, இரண்டு பக்கமும் சுவர், நடுவில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? அதனால் எனக்கு இரண்டு வழிகள். போக ஒன்று, வர ஒன்று. வரும் வழி கடைகள் இருக்கும் தெரு, வண்டிகள் உண்டு, ஆனால் முப்பதுக்கு மேல் யாரும் போக முடியாது. ஆண்களும் இதை யோசிக்கலாம். வரைபடத்தில் பார்த்ததோடு நிற்காமல் இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

விளக்கு இரண்டும் பிரதிபலிப்புப் பட்டையும் வேறு வேறு வேலை செய்பவை. பட்டை, எதிரே ஹெட்லைட் படும்போதுதான் மின்னும். பக்கத்துத் தெருவில் இருந்து மூக்கை நீட்டும் காருக்கு அது தெரியாது, அங்கே உங்கள் விளக்குதான் காப்பாற்றும். பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் போகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் அது ஒரு மனிதக் கால் என்று தூரத்திலேயே புரிந்துவிடுகிறது. முன்விளக்கைக் கொஞ்சம் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், எதிரே நடந்து வருகிறவர் கண் கூசாது.

சர்க்கரை என்று சொன்னீர்கள். பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் மட்டுமே காரணம் என்று அந்த வகை ஆய்வால் நிரூபிக்க முடியாது, ஆனாலும் என் அம்மாவை ஒப்புக்கொள்ள வைக்க அது எனக்கு உதவியது.


ஒன்பது_கிலோமீட்டர் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சீட்டை நான்கு விரற்கடை ஏற்றினேன். முதல் இரண்டு நாள் விழுந்துவிடுவேன் போல இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. முழங்கால் வலி பத்து நாளில் போய்விட்டது. செயின் 1/8 அங்குலம் நீண்டிருந்தது, பின்பற்களோடு சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

வழி கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு அடியில், மாடுகள் போக என்று கட்டிய மாதிரி ஒரு சுரங்கவழி. குனிந்து போகும் அளவு தாழ்வு. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர்தான் காட்டினார். அவர் அந்தப் பக்கத்து ஆலைக்கு முப்பது வருடம் சைக்கிளில் போனவராம். எனக்கு அவரை எட்டு வருடமாகத் தெரியும், பேசியது அன்றைக்குத்தான். இந்த வழி 11.3 கிலோமீட்டர், 42 நிமிடம் ஆகிறது. சாயங்காலம் சாயங்காலவண்டி சகோதரி சொன்ன மாதிரி கடைத்தெரு வழியாக 47 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறேன், மற்ற இரண்டு நாள் பஸ். அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்த பிறகு மகளோடு உட்கார எனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. இத்தனை வருடம் அது இருந்ததே இல்லை.

நேற்று முதல் மழை. சுரங்கவழியில் முட்டி வரை தண்ணீர், திரும்பிப் போய்ப் படிக்கட்டுப் பாலத்தில் தூக்கிக்கொண்டு ஏறினேன். பிரேக் பிடித்தும் வண்டி கொஞ்ச தூரம் போனது, பயந்துவிட்டேன். என் வண்டியில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் மட்கார்டு இருக்கிறது. முன்னாலும் வேண்டுமா?


ஆயில்கை எழுதியது:

கட்டாயம் வேண்டும். ஷூவையும் செயினையும் நனைப்பது முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர்தான். கீழே தொங்கும் ரப்பர் மடிப்பு உள்ளதாகப் பார்த்து மாட்டுங்கள்.

பிரேக் ரிம்மைப் பிடிக்கிற வகையா? அப்படியென்றால் நனைந்த ரிம்மில் இருந்து தண்ணீரைக் கட்டை துடைத்து எடுக்கும்வரை பிடிமானம் வராது, சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். மழையில் நிறுத்தும் இடத்துக்கு முன்னாலேயே லேசாகத் தொட்டுத் தொட்டுப் பிடித்து ரிம்மைக் காய வையுங்கள். சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, சாக்கடை மூடியின் இரும்பு இரண்டின் மேலும் வண்டியைச் சாய்க்காமல் நேராகப் போங்கள், அங்கே பிரேக் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் செயினைப் பழைய துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். புதுச் செயினாக இருந்தாலும் ஒரு இரவு ஈரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.