வாஷிங் மெஷின் பேரிங் போனால் டப்பையே மாத்தணுமா?

கேள்வி:
முன்பக்கம் திறக்கும் மெஷின், 7 கிலோ. ஸ்பின் வேகம் ஏறும்போது பெரிய இரைச்சல். "பேரிங் போயிடுச்சு, ஆனா டப் (டிரம்மைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி) பிரிக்க முடியாத வகை, முழு செட்டும் மாத்தணும்" என்கிறார் மெக்கானிக். பழைய மெஷினில் பேரிங்கும் சீலும் மட்டும் மாத்தி ஓட்டினாங்களே. இப்போ பேரிங் தரமே குறைஞ்சிடுச்சா? டப்பை வெட்டித் திறக்கலாமா?

பதில் 1:
பேரிங் குறையில்லை. அன்றும் இன்றும் பெரும்பாலும் 6204, 6205, 6206 அப்படின்னு எண் போட்ட அதே அளவுகள்தான். மாறினது டப். முன்பு இரண்டு பாதிக்கும் நடுவில் ரப்பர் கேஸ்கெட் வச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பாங்க. இப்போ பல மாடல்களில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிடறாங்க. தயாரிக்கிறவருக்கு வேலை மிச்சம், ரிப்பேர் செய்ய வழியில்லை.

பெரும்பாலும் முதலில் போவது ஆயில் சீல், அதாவது தண்ணி பேரிங்குக்குப் போகாம தடுக்கும் ரப்பர் வளையம். அதன் உதடு தேய்ஞ்சா சோப்புத் தண்ணி இறங்கி பேரிங் கிரீஸைக் கழுவிடும். பிளக்கை எடுத்துட்டு, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. டப்போட சேர்ந்து ஆடினா இயல்பு. டிரம் மட்டும் தனியா ஆடினா பேரிங்தான். பின் மூடியையும் கழற்றுங்க. புல்லிக்கு (பெல்ட் ஓடும் பெரிய சக்கரம்) பின்னால் டப்பில் துருக்கோடு வழிஞ்சிருந்தா சீல் போய் நாளாச்சு.

பதில் 2:
வெட்டலாம். ஆனா வெட்டறதுக்கு முன்னாடியே விளிம்பைச் சுற்றி போல்ட்டுக்குத் துளை போட்டுடணும், இல்லைன்னா இரண்டு பாதியும் திரும்ப நேரா உட்காராது. சில டப்களில் ஸ்க்ரூ குழி ஏற்கெனவே வார்த்தே இருக்கும். மெல்லிய ஹேக்ஸா பிளேடால் ஒட்டு நடுவே அறுங்க. மூடும்போது சூடு தாங்கும் சிலிக்கான், ஸ்டெயின்லெஸ் போல்ட். 24 மணி நேரம் காயட்டும்.

புது பேரிங்கை வெளி வளையத்தில் மட்டும் தட்டி இறக்குங்க. உள் வளையத்தில் அடிச்சா குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து புதுசே இரைய ஆரம்பிக்கும். சீல் உதட்டில் தண்ணி தாங்கும் கிரீஸ் கட்டாயம்.

இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி இரண்டு இடத்தைப் பாருங்க. ஷாஃப்டில் (டிரம்மின் அச்சுத் தண்டு) சீல் உட்காரும் உலோக வளையமான புஷ்ஷில் நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா புது சீலும் கசியும். டிரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினிய ஸ்பைடர் அரிச்சு வெடிப்பு விட்டிருந்தா அதையும் மாத்தணும். அதுவும் கிடைக்கலைன்னா டப் செட் வாங்கறதே சரி.

பதில் 3:
பழசெல்லாம் உழைச்சதுன்னு பொதுவா சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். சீக்கிரம் கெட்டதெல்லாம் எப்பவோ எடைக்குப் போயாச்சு, தாங்கினதுதான் இன்னும் கண்ணில் படுது. ஆனா திறந்து சரிசெய்ய முடிஞ்சது உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் வாஷிங் மெஷின் உதிரிபாகங்கள் 10 வருஷம் கிடைக்கணும்னு விதி இருக்கு. அதிலும் டிரம், ஸ்பைடர், பேரிங்கைத் தனியாவோ சேர்த்தோ தரலாம்னு விட்டுட்டாங்க. பேரிங்கைத் தனியா தராம முழு செட்டா விக்க, ஒட்டின டப்புக்கு அந்த ஓட்டை போதும்.

கேட்டவர்:
டிரம் தனியா ஆடுது, துருக்கோடும் இருக்கு. மாடல் எண்ணை வச்சு பேரிங்கை இப்பவே வாங்கிடலாமா?

பதில் 2:
வேண்டாம். ஒரே மாடலிலேயே அளவு மாறும், முன் பேரிங்கும் பின் பேரிங்கும் வேற வேற. கழற்றி ஓரத்தில் பொறிச்ச எண்ணைப் படிங்க. சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் எழுதியிருக்கும். மூணும் பொருந்தணும்.