கீபோர்ட் கோர்ட் மெலிந்து கேட்கிறது, சுருதி விலக்கி லேயர் போடுவது எப்படி?

தம்பிலுவில்_சுருதி எழுதியது:

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்குக்காக வீட்டிலேயே ஒரு பாட்டு ரெக்கோர்ட் செய்கிறோம். பெண்கள் கூட்டாகப் பாடுகிறார்கள், மாமா உடுக்கு அடிக்கிறார், நான் கீபோர்ட். யமஹா பி.எஸ்.ஆர்., 61 கட்டை. லப்டொப்பில் ரீப்பர் என்ற ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயார். குரலும் உடுக்கும் நன்றாகவே வந்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நான் பிடிக்கும் கோர்ட்தான் (சேர்த்து அழுத்துகிற சுரங்கள்) மெலிந்து கிடக்கிறது. கூட்டினால் குரலை மூடுகிறது, குறைத்தால் இருக்கிற இடமே தெரியவில்லை.

ஒரே சவுண்டைக் கொஞ்சம் சுருதி விலக்கி இரண்டு மூன்று தடவை அடுக்கினால் தடிப்பாக வரும் என்று வாசித்தேன். அதன்படி என் ட்ராக்கைக் கொப்பி எடுத்து, ஒன்றின் வேகத்தை 0.4 வீதம் கூட்டினேன், இன்னொன்றை 0.4 வீதம் குறைத்தேன். முதல் வரி அருமை. ஆனால் பாட்டு நாலு நிமிடம். மூன்றாவது சரணம் வரும்போது மூன்று ட்ராக்கும் மூன்று நேரத்தில் கோர்ட் மாற்றுகின்றன. சரி என்று வேகத்தை விட்டுவிட்டு பிட்சை மட்டும் மாற்றிப் பார்த்தேன். நேரம் பொருந்தியது, ஆனால் ஒவ்வொரு கோர்ட்டும் தொடங்குகிற இடம் மங்கிக் குழைகிறது.

இதை முறையாக எப்படிச் செய்வது? புதிதாக எதுவும் வாங்குகிற நிலைமை இல்லை.

கல்முனை_பீட்ஸ் எழுதியது:

ஏன் தங்கச்சி இவ்வளவு மினக்கெடுகிறீர்கள்? வைட்டல் என்று ஒரு சொஃப்ட்வெயார் சின்த் (ஒலியை உண்டாக்குகிற கருவி) இருக்கிறது, அடிப்படைப் பதிப்பு இலவசம். சர்ஜ் எக்ஸ்.டி.யும் இலவசம்தான். இரண்டிலும் யூனிசன் என்று ஒரு எண் இருக்கும், ஒரே சுரத்தை எத்தனை குரலில் ஒலிப்பது என்பது. அதை 7 ஆக்கி, அவற்றின் சுருதியை விலக்குகிற டிடியூனைக் கொஞ்சம் திருப்புங்கள், வேலை முடிந்தது. ரோலண்ட் ஜே.பி.-8000 சின்தில் வந்த சூப்பர் சோ இதுதான்: நடுவில் ஒரு சோடூத் (வாட்பல் வடிவ) அலை, அதிலிருந்து மேலும் கீழும் விலகி நிற்கும் ஆறு, மொத்தம் ஏழு. 90களின் கடைசியில் வந்த ட்ரான்ஸ் பாட்டுகளில் எங்கே பார்த்தாலும் அந்தச் சத்தம்தான்.

ஆரையம்பதி_கீபோர்ட் எழுதியது:

தங்கச்சி, அளவைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். சுருதி விலகலைச் சென்டில் அளப்பார்கள், ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். வேகத்தில் 0.4 வீதம் என்பது கிட்டத்தட்ட 7 சென்ட். கூட்டுக் குரலுக்குக் கீழே நிற்கிற கோர்ட்டுக்கு அது நல்ல விலகல். வில்லங்கம் கொப்பியில் இருக்கிறது. நாலு நிமிடம் என்றால் 240 செக்கன், அதில் 0.4 வீதம் ஏறத்தாழ ஒரு செக்கன். வேகம் கூடிய ட்ராக் ஒரு செக்கன் முந்தி முடியும், குறைந்தது ஒரு செக்கன் பிந்தி முடியும். தொடக்கத்தில் ஒன்றாக நின்றவை போகப் போகப் பிரிவது அதனால்தான். பிட்சை மட்டும் மாற்றும்போது சொஃப்ட்வெயார் ஒலியைச் சிறு சிறு துண்டாக நறுக்கித் திரும்ப ஒட்டுகிறது. ஒட்டு தெரிகிற இடம் கோர்ட்டின் தொடக்கம்.

ஆகவே கொப்பி எடுக்காதீர்கள், திரும்ப வாசியுங்கள். சுருதியை லப்டொப்பில் மாற்றாதீர்கள், கீபோர்ட்டிலேயே மாற்றுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

கீபோர்ட்டின் ஃபங்ஷனுக்குள் போய் ட்யூனிங்கைத் தேடுங்கள், 440.0 (ஹெர்ட்ஸ்) என்று நிற்கும். முதல் டேக்கை அதிலேயே வாசியுங்கள். அப்புறம் 441.8க்கு ஏற்றி அதே பாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை வாசியுங்கள். மூன்றாவது டேக்குக்கு 438.2. மேலே 7 சென்ட், கீழே 7 சென்ட். உங்கள் மொடலில் அந்த எண் சரியாக விழாவிட்டால் பக்கத்து எண் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகவேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் முழுப் பாட்டின் சுருதியும் ஏறிவிட்டதாகக் காதுக்குப் படும், பாடுகிறவர்கள் சுருதி இறங்கிப் பாடுகிற மாதிரித் தெரியும். அவர்கள்மேல் பிழை இருக்காது.

ஏன் இது தடிப்பாகக் கேட்கிறது என்பதையும் சொல்கிறேன், தெரிந்தால் நீங்களே அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஏ.எல். பௌதிகத்தில் வருகிற அடிப்புத்தான். 440இலும் 441.8இலும் இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தால், செக்கனுக்கு 1.8 தடவை சத்தம் ஏறி இறங்கும். அது அடிச்சுரத்துக்கு. ஒரு சுரத்துக்குள் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் இருக்கின்றன இல்லையா? இரு மடங்கில் அடிப்பு 3.6 தடவை, ஐந்து மடங்கில் 9 தடவை. ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் ஏறி இறங்குவதால், எது எப்போது ஏறுகிறது என்று காதால் பிரிக்க முடியாது. அந்த ஓயாத அசைவைத்தான் நாம் தடிப்பு என்கிறோம். இந்த மடங்குகள், அதாவது மேற்றொனி, குறைந்த, புல்லாங்குழல் மாதிரியான சவுண்டை எடுத்தால் ஒரே ஒரு அடிப்புத்தான் கேட்கும், சத்தம் வெறுமனே ஆடுவதாகப் படும். எனவே ஸ்ட்ரிங்ஸ், சோ பேட் போன்ற பிரகாசமான சவுண்டில் வாசியுங்கள். கூர்மை அதிகம் என்றால் பிறகு ஃபில்டரில் மேல்பக்கத்தை மெல்ல வெட்டலாம்.

கொப்பிக்கும் புது டேக்குக்கும் இன்னொரு வித்தியாசம். கொப்பியில் ஒவ்வொரு கோர்ட்டும் அச்சொட்டாக ஒரே நேரத்தில் விழும். விழுகிற இடத்தில் அலைகள் ஒன்றாகக் கூடி ஒரு முட்டு முட்டும், பிறகு அடிப்பு தொடங்கும், அடுத்த கோர்ட்டிலும் அதே மாதிரி முட்டும். கையால் திரும்ப வாசித்தால் ஒரு விரல் பத்து மில்லிசெக்கன் முந்தும், இன்னொன்று இருபது பிந்தும், ஒன்று அழுத்தி விழும், ஒன்று பட்டும் படாமலும் விழும். எனவே அடிப்பு ஒவ்வொரு சுரத்திலும் வேறு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கல்முனைத் தம்பி சொன்ன யூனிசனும் நல்ல சாமான்தான். கூத்துமேடைக்கு ஒரு குத்துப்பாட்டு செய்தால், முன்னுக்கு நிற்கிற லீட் சவுண்டுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் ஏழு குரலையும் ஒரே கை ஒரே அழுத்தத்தில் வாசிக்கிறது. அம்மன் பாட்டில் கூட்டுக் குரலுக்குக் கீழே நிற்கப் போவது என்பதால், கோர்ட்டையும் கூட்டாக வாசித்ததுபோல் கேட்க வைக்கத்தான் இந்தப் பாடு.

ரெக்கோர்ட் செய்ய முதல் கீபோர்ட்டின் ரிவேர்பையும் கோரஸையும் நிறுத்திவிடுங்கள். அவற்றோடு மூன்று லேயர் அடுக்கினால் சேறாகிவிடும். ரிவேர்பைக் கடைசியில் மூன்று ட்ராக்குக்கும் பொதுவாக ஒன்று போட்டால் போதும்.

இரைச்சலையும் கவனியுங்கள். நம் வீடுகளில் சார்ஜர் குத்தியபடி லப்டொப்பில் ரெக்கோர்ட் செய்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வருவது வழமை. நீங்கள் வேகத்தை மாற்றியபோது அந்த இரைச்சலும் 50.2, 49.8 என்று விலகியிருக்கும், ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை உறுமுகிற மாதிரி. கீபோர்ட்டில் சுருதியை மாற்றினால் இரைச்சல் மூன்று டேக்கிலும் 50இலேயே நிற்கும், ஒரு வெட்டில் போய்விடும். ஆனாலும் வாசிக்கிற நேரம் சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டறியில் ஓட்டுவதுதான் நல்லது.

மட்டுநகர்_நாலு_ட்ராக் எழுதியது:

பிள்ளை, ஆரையம்பதித் தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். கசெட் காலத்தில் நாங்களும் திரும்பத்தான் வாசித்தோம், அப்போது வேறு வழி இல்லை. டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ என்ற நாலு ட்ராக் கசெட் ரெக்கோர்டரில் பிட்ச் என்று ஒரு குமிழ் இருக்கும், டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். முதல் ட்ராக்கைக் குமிழ் நடுவில் இருக்க வாசிப்போம். இரண்டாவது வாசிக்கும்போது அதை ஒரு மயிரளவு நகர்த்துவோம். அப்போது டேப்பிலிருந்து வருகிற பழைய ட்ராக்கும் கையில் இருக்கிற கீபோர்ட்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். நடு ஸா-வைப் பிடித்துக்கொண்டு அந்த அடிப்பைக் காதால் எண்ணுவோம். ஆறுதலாக, செக்கனுக்கு ஒன்று, ஒன்றரை என்று போனால் அம்மன் பாட்டுக்கு, நாலைந்து என்றால் டான்ஸ் பாட்டுக்கு. சென்ட் என்ற கணக்கெல்லாம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நீங்களும் எண்ணைப் பார்த்து வைத்துவிட்டுக் கடைசியில் காதை நம்புங்கள்.

லண்டன் அபி ரோட் ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியியலாளர் 1966இல், பாடகர் இரண்டாம் தடவை பாடாமலே குரலை இரட்டிப்பாக்க ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டாவது டேப் மெஷின் ஒன்றின் வேகத்தை மெல்ல ஆட்டி, அதே குரலை ஒரு கணம் பிந்தி வரவைத்தார். பீட்டில்ஸுக்காகச் செய்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட அவர்கள் அலுத்துப் போனதுதான் காரணம். அருமையான வேலை, இன்றைக்கும் குரலுக்குப் பாவிக்கிறார்கள். ஆனால் அலுக்காத ஆள் திரும்ப வாசித்தால் வருகிறது வேறு. கோவில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து ஒரு கீர்த்தனையை எடுக்கிறபோது, வீதி முழுக்க நிறைவது எதனால் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பேரின் சீவாளியும் ஒன்றல்ல, மூச்சும் ஒன்றல்ல.

தம்பிலுவில்_சுருதி எழுதியது:

மூன்று டேக்கும் வாசித்துவிட்டேன், ஐயா, அண்ணா. ஹெட்போனில் கேட்டு அம்மா அழுதுவிட்டா. குரல் மேலே நிற்கிறது, கோர்ட் சுற்றிவர நிற்கிறது. 440ஐ நடுவிலும் மற்ற இரண்டையும் இடம், வலம் என்று முழுதாகவும் தள்ளினேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கோவிலில் இது போகப்போவது கூம்பு ஒலிபெருக்கியில். அதில் இடமும் வலமும் ஒன்றுதானே? ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன், கோர்ட் வந்து வந்து போகிறது. மற்றது, இடது கையில் பிடிக்கிற கீழ்ச் சுரங்களில் அந்தப் போக்குவரத்து இன்னும் மோசம்.

ஆரையம்பதி_கீபோர்ட் எழுதியது:

இரண்டுக்கும் ஒரே காரணம். இடம் வலம் பிரிந்திருக்கும்போது பக்கத்து இரண்டும் ஒவ்வொரு காதுக்குத் தனித்தனியாகப் போகின்றன, ஒன்றையொன்று வெட்டுவது குறைவு. இடமும் வலமும் ஒன்றாகிற மோனோவில் மூன்றும் ஒரே கம்பியில் கூடுகின்றன. சம சத்தத்தில் இருந்தால் சில நேரம் ஒன்றையொன்று அழித்தே விடும். நடு ட்ராக்கை அப்படியே வைத்து, பக்கத்து இரண்டையும் அதைவிட 9 டெசிபல் அளவு குறையுங்கள். அப்போது ஒவ்வொன்றும் நடுவின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து எதிர்த்தாலும் நடுவை முழுதாக அழிக்க முடியாது. ரீப்பரில் மாஸ்டரை மோனோவாக்கும் பட்டன் இருக்கிறது. அதை அமத்திக்கொண்டே இந்த அளவைப் பாருங்கள், ஹெட்போனில் அல்ல.

கோவிலுக்கு ஒரு மிக்ஸ், யூடியூபுக்கு ஒரு மிக்ஸ் என்று இரண்டு எடுங்கள். யூடியூபுக்குப் போவதில் பக்கத்து ட்ராக்குகளை 3 டெசிபல் ஏற்றலாம்.

கீழ்ச் சுரம்: 7 சென்ட் என்பது மேலே 440இல் 1.8 ஹெர்ட்ஸ், கீழே 65 ஹெர்ட்ஸில் கால் ஹெர்ட்ஸ்தான். நாலு செக்கனுக்கு ஒரு தடவை மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அது தடிப்பாகக் கேட்காது, பாஸ் காணாமல் போய்த் திரும்புகிற மாதிரித்தான் கேட்கும். ஆகவே இடது கை நடு ட்ராக்கில் மட்டும் இருக்கட்டும். மற்ற இரண்டிலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். திரும்ப வாசிக்கப் பொறுமை இருந்தால் அந்த இரண்டையும் வலது கையால் மட்டும் வாசிப்பது இன்னும் சுத்தம். அப்படி வாசிக்கிறதென்றால் ஒன்றில் கோர்ட்டைத் திருப்பிப் பிடியுங்கள், ஸ-க-பவுக்குப் பதிலாக க-ப-ஸ என்று.

பெண்களின் குரலை இன்னும் எடுக்கவேண்டியிருந்தால் அவர்களின் ஹெட்போனுக்கு நடு ட்ராக்கையும் சுருதிப்பெட்டியையும் மட்டும் கொடுங்கள். விலகிய லேயர்களைக் கேட்டுக்கொண்டு பாடினால் எந்தச் சுருதியில் நிற்பது என்று தெரியாமல் குரல் அலையும்.

தம்பிலுவில்_சுருதி எழுதியது:

முடிவில் வருகிற குரவை இன்னும் எடுக்கவில்லை அண்ணா. அதற்கும் நடு ட்ராக் மட்டும்தானா?

ஆரையம்பதி_கீபோர்ட் எழுதியது:

குரவைக்கு ஹெட்போனே வேண்டாம் தங்கச்சி. எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்து, மைக்கை நாலைந்து அடி தள்ளி வைத்து, பாட்டு இல்லாமல் எடுங்கள். இரண்டு தடவை எடுத்து ஒன்றை இடம், ஒன்றை வலம் வையுங்கள். அதில் சுருதியைத் தொடவேண்டாம்.